கூதிர்காலத்துக் கொல்லை

புதுக்கோட்டை மாவட்டத்தை வறண்ட நாடு என்று கூறுவோர் பெரும்பாலும் அதனைச் சித்திரையிலோ வைகாசியிலோ பேருந்தில் கடந்து சென்றவர்களாக இருப்பர். அம்மாதங்களில் அங்குள்ள செம்மண் சுட்ட செங்கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். கண்மாய்களின் அடியில் வெடிப்பு விழுந்திருக்கும். அதே மண்ணை ஐப்பசியின் பிற்பகுதியில் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாலைந்து முறை பெய்து ஓய்ந்ததும் வேலியெங்கும் முடக்கத்தான் ஏறிப் படர்கிறது. யாரும் விதைக்காத கீரை குப்பைமேட்டில் தழைத்து நிற்கிறது.

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்றழைத்தனர். மேல்நாட்டாரின் தோட்டக்கலை நூல்களைப் புரட்டினால், இதே நாட்கள் அவர்களுக்குத் தோட்டத்தை மூடிவைக்கும் காலமாக இருப்பதைக் காணலாம். உறைபனிக்கு அஞ்சிக் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, பாத்திகளைச் சருகால் போர்த்தி விடுகின்றனர். நமது கணக்கு இதற்கு நேர்மாறானது. ஆடியில் ஊன்றிய கொடி காய்க்கத் தொடங்குவதும், தையில் பறிக்க வேண்டிய கத்தரிக்கும் தக்காளிக்கும் நாற்றை எடுத்து நடுவதும் இந்தக் கூதிரில்தான். கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய காலமும் இதுவே.

அண்மையில் ஒரு கார்த்திகை மாதத்தில் உறவினர் இல்ல நிக்காஹ் ஒன்றிற்காகப் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம்வரை செல்ல நேர்ந்தது. இம்மாவட்டத்தைப் பற்றி எழுதுவோர் சித்தன்னவாசல் ஓவியத்தையும், திருமயம் கோட்டையையும், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டையும் எழுதாமல் விடுவதில்லை. அவை எழுதத்தக்கனவே. எனினும் இம்முறை என் கண்கள் வழிநெடுக வீடுகளின் கொல்லைப்புறங்களையே தேடின.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அன்னவாசல், இலுப்பூர், கீரனூர்ப் பக்கங்களில், மண்ணுக்கு ஆழம் குறைவு. ஒரு முழம் தோண்டினால் சரளையும் செம்புறாங்கல்லும் தட்டுப்படும் இடங்கள் உண்டு. அங்கே கொல்லையில் காய்கறி எடுக்க விரும்புவோர் முதலில் மண்ணையே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு உதவும் கொழுஞ்சிச் செடி அந்த மேட்டு நிலங்களில் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. ஆடு மாடுகள் அதனை அவ்வளவாகத் தீண்டா. பூக்கும் தருணத்தில் பிடுங்கி மண்ணுக்குள் மடக்கிவிட்டால் நல்ல தழையுரம். இயற்கை வேளாண்மையை ஊர்தோறும் எடுத்துரைத்து 2013 டிசம்பர் 30 அன்று மறைந்த நம்மாழ்வார், கீரனூரை அடுத்த ஓடுகம்பட்டியில் தோழர்களுடன் அமைத்த பண்ணைக்குக் கொழுஞ்சியின் பெயரையே சூட்டினார். பயனற்ற களை என்று பலரும் மிதித்துச் செல்லும் செடியின் பெயரை ஒரு பண்ணைக்கு வைத்ததே அங்கு கற்கச் சென்றோருக்கு முதற்பாடமாக அமைந்திருக்கும்.

ஆலங்குடியைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறுகிறது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு ஆகிய ஊர்கள் மலருக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றவை. இங்கே வீட்டுக்கு வீடு அவரைப் பந்தல் காணலாம். ஊன்றிய கழிகள் பாரம் தாங்காமல் ஒருபுறம் சாய்ந்திருக்க, மேலே ஊதாப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும் காட்சியைப் பேருந்தின் சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு செல்லலாம்.

பந்தல் அவரைக்கு ஒரு குணமுண்டு. பகல் நீண்டிருக்கும் மாதங்களில் அது கொடியாக ஓடிக்கொண்டே இருக்குமேயன்றிப் பூக்காது. எவ்வளவு எரு இட்டாலும் இலைதான் பெருகும். பகற்பொழுது குறுகத் தொடங்கிய பின்னரே அதற்குப் பூக்க வேண்டுமென்ற நினைவு வரும். எக்காலத்திலும் காய்க்கும் குத்து அவரை இரகங்கள் இப்போது வந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் கார்த்திகையில் தொடங்கி மாசிவரை ஒரு குடும்பத்துக்கும் அதன் அண்டை வீட்டாருக்கும் சேர்த்துக் காய்ப்பது அந்தப் பழைய பந்தல் அவரைதான். அதற்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல இயலவில்லை.

பனி இறங்கத் தொடங்கியதும் அவரையின் பகைவனும் வந்துவிடுகிறான். கறுத்த அசுவிணிப் பூச்சி பூங்காம்பிலும் பிஞ்சிலும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். பந்தற்காலில் எறும்பு வரிசையாக ஏறக் கண்டால், மேலே அசுவிணி குடியேறிவிட்டது என்று பொருள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு ஏறுகிறது. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, இலைமீது பனி உலருமுன் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுவது நம் பெண்டிரின் பழைய வைத்தியம். ஈர இலையில்தான் சாம்பல் ஒட்டும். இதற்கு அடங்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். எரிவாயு அடுப்பு வந்த பின்னர் வேப்பங்கொட்டை கிடைக்கும் அளவுக்குக்கூடச் சாம்பல் கிடைப்பதில்லை. அந்த நிக்காஹ் வீட்டில் பிரியாணித் தேக்சாக்களை இறக்கி நெருப்பு ஆறியதும், விருந்துண்ண வந்த மாமி ஒருவர் வாளியுடன் சென்று சாம்பலை அள்ளிக்கொண்டிருந்ததைக் கண்டேன். சிலர் நகைத்தனர். அவர் பொருட்படுத்தவில்லை.

சுரைக்கு நம் இல்லங்களில் தனி மதிப்பு உண்டு. தையற்காரர் ஒருவரின் விருந்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுரைத் துண்டுகளைத் தட்டில் தேடியெடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்றுமுதல் தாமும் அதனை விரும்பலானார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி. மீனின் வயிற்றினின்று வெளிப்பட்ட யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழலாக முளைப்பிக்கப்பட்ட கொடியும் சுரையினமே என விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். விரைந்து படர்ந்து அகன்ற இலையால் நிழல் தரும் அக்கொடியைக் கண்டவர்களுக்கு அவ்விளக்கம் எளிதில் விளங்கும்.

மழைநாட்களில் சுரைப்பிஞ்சு வெம்பி உதிர்கிறது என்று பலர் வருந்துவர். கண்ணேறு என்று கூறுவோரும் உண்டு. காரணம் வேறு. சுரையின் வெண்பூ அந்தியில் மலர்வது. அந்துப்பூச்சிகள் வந்து மகரந்தம் சேர்த்தால்தான் பிஞ்சு நிலைக்கும். மழைபெய்யும் இரவில் பூச்சி எங்கே பறக்கும்? எனவே மஃரிபை ஒட்டிய வேளையில் கொல்லைக்குச் சென்று, நீண்ட காம்புடைய ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, அடியில் சிறு பிஞ்சுடன் நிற்கும் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட வேண்டும். அவ்வளவே. மற்றொன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும். சமைக்குமுன் சுரைக்காயின் ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசப்புத் தட்டினால் முழுக் காயையும் எறிந்துவிடுக. அக்கசப்பு நஞ்சு, கொதிக்க வைத்தாலும் நீங்காது.

இந்தப் பருவத்தில் செடிகள் நீரின்மையால் சாவதில்லை, நீர் மிகுதியால்தான் சாகின்றன. வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கியதும் இலை வாடித் தொங்கும். வாட்டத்தைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி அன்றோடு முடிந்தது. கத்தரியும் மிளகாயும் அரையடி உயர மேட்டுப்பாத்தியில் நிற்க வேண்டும். பெருமழைக்கு மறுநாள் மண்வெட்டியுடன் சென்று வடிகாலைத் திறந்துவிட வேண்டும். உரத்தை மழைக்கு முன் கொட்டுவது பணத்தைச் சாக்கடையில் விடுவதற்கு ஒப்பாகும்.

2018-ஆம் ஆண்டின் கூதிரை இப்பகுதியினர் இன்னும் மறக்கவில்லை. நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், திருவாரூர், தஞ்சை மாவட்டங்களைச் சிதைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் நுழைந்தது. ரபீஉல் அவ்வல் மாதம் அது. மீலாது விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. விடிந்தபோது தென்னையும் பலாவும் மாவும் தேக்கும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் ஒடிந்ததால் பல சிற்றூர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கலியாணம் என எல்லாச் செலவையும் மரங்களின்மீது எழுதிவைத்திருந்த குடும்பங்கள் ஓரிரவில் வெறுங்கையாயின.

சாம்பல் அள்ளிய மாமி கீரமங்கலத்தை அடுத்த சிற்றூர்க்காரர். அவரது கொல்லையிலும் பன்னிரண்டு தென்னை சாய்ந்தனவாம். "மரத்தைப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டே இருந்தா உலை கொதிக்குமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், விழுந்த முருங்கைக் கிளைகளில் கை பருமனுள்ளவற்றைத் தேர்ந்து நாலடிப் போத்துகளாக வெட்டி, நீர் தேங்காத மேட்டில் நட்டு, மேல்முனையில் சாணம் அப்பிவிட்டிருக்கிறார். சரிந்த பந்தலின் கழிகளையே மீண்டும் ஊன்றி, சமையலறையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைகளை எடுத்து ஊன்றியிருக்கிறார்; இடைவெளியில் தண்டுக்கீரை விதைத்திருக்கிறார்.

தென்னம்பிள்ளை நட்டு இளநீர் பறிக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். கீரை இருபத்தைந்து நாளில் கைக்கு வரும். வெண்டை ஐம்பது நாளுக்குள் காய்க்கும். நிவாரணக் கணக்கெடுப்பு சாய்ந்த மரங்களை எண்ணும். கொல்லையின் நாலு பாத்திகள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆனால் அந்த மார்கழியில் பல வீடுகளில் குழம்புக்குக் காய் வந்தது அப்பாத்திகளிலிருந்துதான் என்று மாமி கூறியதை நான் நம்புகிறேன். அன்று நட்ட போத்துகளுள் இரண்டு இன்று கூரைக்கு மேல் ஓங்கி நிற்கின்றன. ஒவ்வொரு புரட்டாசியிலும் அவற்றின் நெடுங்கிளைகளை அவர் கழித்துவிடுகிறார். காற்றுக்கு ஒடிய எதையும் விட்டுவைப்பதில்லை.

அறந்தாங்கியைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால் மண் முற்றிலும் மணலாகிவிடுகிறது. ராவுத்தர் அப்பா தர்கா அமைந்த கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் என நம்மவர் திரளாக வாழும் ஊர்கள் இங்கே வரிசையாக உள்ளன. இங்கே சிக்கல் உப்பு. கடற்கரை மணலில் மழைநீர் உப்புநீரின்மீது மெல்லிய படலமாக மிதக்கிறது. வாளியால் இறைப்பவருக்கு மேற்படலத்து நன்னீர் கிட்டும். ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டாரால் உறிஞ்சுபவருக்கு உப்பு மேலேறி வந்துவிடும். மழை பெய்து அப்படலம் தடித்திருக்கும் கார்த்திகை முதல் மாசிவரைதான் இவ்வூர்களில் தோட்டக்காலம். அவரை உப்பைச் சிறிதும் பொறுக்காது. முருங்கையும் கத்தரியும் ஓரளவு தாங்கும்.

அங்குள்ள தோட்டங்களுக்கு மீன் கழுவிய நீர் எரு. அதில் கடலுப்பு இருக்குமாதலால் நாலு பங்கு நல்ல தண்ணீர் கலந்தே ஊற்றுகின்றனர். மீன் கழிவுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து, மூடிய வாளியில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்து வடிகட்டினால் மீன் அமிலம் கிடைக்கும். லிட்டருக்கு ஐந்து மில்லி போதும். ஒளுச் செய்த நீரைச் சிறு வாய்க்காலில் புதினாப் பாத்திக்குத் திருப்பியிருந்த வீடு ஒன்றையும் கண்டேன். ஐவேளையும் சோப்புக் கலவாத தூய நீர், கேட்காமலே பாய்கிறது. குளியலறை நீரை மட்டும் கீரைக்கு விடலாகாது. அதை வாழைக்கு விடுக.

புதினா என்றதும் நோன்புக் கஞ்சியின் நினைவு வருகிறது. பிறைக்கணக்கு ஆண்டுக்குப் பதினொரு நாள் முந்துவதால், ரமளான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோன்பு கார்த்திகை, மார்கழியில் வந்தது. 2026-இல் மாசியின் தொடக்கத்தை எட்டிய அது, தையை நோக்கி நகர்ந்து, 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வரும். ஆகவே இனிவரும் சில ஆண்டுகளுக்குக் கூதிரில் நடும் புதினாவும் மல்லியும் நேரே கஞ்சிச் சட்டிக்கே போகும். அடைமழை புதினாவை அழுகச் செய்யும். நாலைந்து தண்டுகளைத் தொட்டியில் ஊன்றித் தாழ்வாரத்தில் வைத்துக் காப்பாற்றி, மழை ஓய்ந்ததும் பாத்திக்கு மாற்றலாம்.

இத்தனையும் கூறியபின் ஒரு வருத்தத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. வளைகுடாப் பணத்தில் எழும் புதிய வீடுகளில் கொல்லையே இல்லை. மதில்முதல் மதில்வரை ஓடு பதித்து, மழைநீரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கின்றனர். அத்தகைய வீடொன்றின் மருமகள் மொட்டை மாடியில் பதினான்கு பைகளில் தேங்காய் நார்க்கழிவும் செம்மண்ணும் நிரப்பித் தக்காளி வளர்த்திருந்தார். "கீழே ஒரு முழம் மண் விடுங்கன்னு கேட்டேன் மாமா, யாரும் விடல" என்றார். அவரது பைகளின் அடித்துளைகள் அடைபடாமல் இருந்தன; செடிகள் மழையைத் தாங்கி நின்றன.

திரும்புகையில் மாமியின் வீட்டில் சற்று நேரம் இறங்கினேன். பந்தலில் முதலில் காய்த்த கொத்துகளுள் மூன்றில் துணி கட்டியிருந்தார். அவை விதைக்கு. நெற்றாகும்வரை அவற்றை யாரும் தொடலாகாதாம். சென்ற ஆண்டு விதையிலிருந்து எனக்கென ஒன்பதை எண்ணித் தாளில் மடித்துத் தந்து, ஆடிக்கு முன் ஊன்றிவிட வேண்டாம் என்று இருமுறை கூறியனுப்பினார்.