வண்டியைப் பார்த்து மென்பொருள், மென்பொருளைப் பார்த்து கேபிள்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 66 இப்போது தலைக்கு மேலே போகிறது. 2022-இல் திறந்த அந்த மேம்பாலத்தின் தூண்களை ஒட்டி ஓடும் சர்வீஸ் ரோட்டில்தான் ஊரின் பழைய நெரிசல் மிச்சம் இருக்கிறது. அங்கிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், தகரக் கூரை போட்ட பட்டறைக்கு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். வீட்டில் வைத்துக்கொள்ள, லேப்டாப்பில் இணைத்துப் பார்க்கும் கார் ஸ்கேனர் ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பதைக் காசு கொடுக்கும் முன்பே வண்டியில் மாட்டிப் பார்த்துத் தீர்மானிக்க நினைத்தேன்.

1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அதன் உள்ளே டாடா எல்க்ஸி போன்ற நிறுவனங்களில் கார்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறார்கள். அந்த மென்பொருள் வண்டிக்குள்ளிருந்து சொல்லும் குறையைக் கேட்டுச் சரிசெய்கிறவர்கள் மதிலுக்கு வெளியே இந்தச் சந்துகளில் இருக்கிறார்கள். பட்டறைக்காரர் மார்த்தாண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றியவர். கேரளப் பட்டறைகளில் மூத்த மெக்கானிக்கை அழைக்கும் வழக்கப்படி, சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அவர் ‘ஆசான்’. எனக்கு அண்ணன்.

“மொதல்ல வண்டி எதுன்னு சொல்லுங்க தம்பி. எந்த வருசம்னும் சொல்லணும். அது தெரியாம ஸ்கேனர் வாங்குனா காசு தண்ணியில போன மாதிரிதான்.”

நான் கொண்டுபோனது சென்னை மறைமலைநகர் ஆலையில் செய்த போர்டு எக்கோஸ்போர்ட். 2021 செப்டம்பரில் போர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. சர்வீஸும் உதிரியும் தொடர்கின்றன என்றாலும், தயாரிப்பு நின்றுபோன வண்டியை இன்னும் பல ஆண்டு ஓட்ட நினைப்பவர் அதன் உடம்பைப் பற்றித் தானும் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்கேனர் வாங்கும் எண்ணம் வந்ததே அதனால்தான்.

வருடத்தை ஏன் கேட்டார் என்று அவரே விளக்கினார். ஸ்கேனரை மாட்டும் 16 துளைச் சொருகி அமெரிக்காவில் விற்ற கார்களில் 1996-இலிருந்து கட்டாயம். இந்தியாவில் பி.எஸ். 4 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, வண்டி தன் குறையைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓ.பி.டி. ஏற்பாட்டின் முதல் கட்ட விதி 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. பி.எஸ். 4 தொடக்கத்தில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு மட்டும்தான். நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல் 1-இல். அதனால் பழைய வண்டிகளில் வருடத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொருகி இருக்கும், ஆனால் உள்ளே பேசும் மொழி வேறாக இருக்கும்.

டார்ச்சை ஸ்டியரிங்குக்குக் கீழே அடித்துக் காட்டினார். 16-ஆம் துளை பேட்டரியின் பாசிட்டிவ். 4, 5 எர்த். 6-உம் 14-உம் கேன் எனப்படும் இணைப்பின் இரு கம்பிகள். போஷ் நிறுவனம் 1986-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இணைப்பு அது. கேன் வராத பல பழைய கார்களில் 7-ஆம் துளை வழியாக கே-லைன் என்ற மெதுவான கம்பி பேசும். என் வண்டியில் 3, 11 துளைகளிலும் உலோகம் மின்னியது. “இதாக்கும் விசயம்” என்றார். போர்டு கார்களில் என்ஜின், பிரேக் எல்லாம் 6, 14 வழியாக வேகமாகப் பேசும். மீட்டர், ஏ.சி., கதவு போன்ற உடல் பகுதிகளுக்கு 3, 11 வழியாக வேகம் குறைந்த இரண்டாவது கேன் ஒன்று உண்டு. அந்த இரண்டு துளைகளையும் எட்டாத ஸ்கேனர் என் வண்டியில் பாதியைத்தான் பார்க்கும்.

மேசையில் மூன்று கருவிகளை எடுத்து வைத்தார்.

முதலாவது, இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிற புளூடூத் துண்டு. மேலே ஈ.எல்.எம். 327, பதிப்பு 1.5 என்று அச்சிட்டிருந்தது. ஈ.எல்.எம். எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் உருவாக்கிய சிப் அது. முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் அதைப் பார்த்து உலகெங்கும் போலிகள் பெருகின. அந்த நிறுவனம் 1.4 வரிசையிலிருந்து நேராக 2.0-க்குப் போனது. 1.5 என்ற பதிப்பை அது வெளியிட்டதே இல்லை. 2022-இல் நிறுவனமும் கடையை மூடியது. ஆகவே 1.5 என்று அச்சிட்ட துண்டைக் கையில் எடுத்தாலே அது நகல் என்று தெரிந்துவிடும். அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. என் லேப்டாப்புடன் சேர்ந்து அது என்ஜின் குறை எண்ணைப் படித்தது, வெப்பம், சுற்று வேகம் எல்லாம் காட்டியது. ஆனால் எண்கள் திணறித் திணறி மாறின, நடுவில் இணைப்பு அறுந்தது, இரண்டாவது கேன் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது, யு.எஸ்.பி. கேபிளுடன் வந்த இன்னொரு நகல். பக்கத்தில் சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் வேக கேன், மறு பக்கம் தள்ளினால் மெது கேன். போர்டு, மஸ்டா கார்களுக்கான ஃபோர்ஸ்கேன் என்ற விண்டோஸ் மென்பொருளை இதற்காகவே லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். இணைத்ததும் அது வண்டிக்குள் உள்ள கணினிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது: என்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங். நடுவில் நிறுத்தி, சுவிட்சைத் தள்ளச் சொன்னது. தள்ளியதும் மீட்டர், ஏ.சி. எல்லாம் வரிசையில் வந்து நின்றன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. பல வருடம் ஓட்டிய வண்டிக்குள் இத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது, அமெரிக்கத் தயாரிப்பான ஓ.பி.டி.லிங்க் இ.எக்ஸ். ஃபோர்ஸ்கேனுக்காகவே செய்த யு.எஸ்.பி. கருவி இது. சுவிட்ச் கிடையாது, இரண்டு கேனுக்கும் தானே மாறிக்கொள்ளும். விலை நகலைப்போலப் பல மடங்கு. நகலில் நொண்டிய எண்கள் இதில் வழுக்கி ஓடின. ஓடும் வண்டியில் விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிக்க அந்த வேகம் தேவை. குறை எண்ணை மட்டும் படிக்க அவ்வளவு அவசியம் இல்லை.

அதன் பிறகு ஆசான் செய்து காட்டியதுதான் அந்தப் பிற்பகலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். பட்டறையில் நின்ற பழைய பெட்ரோல் கார் ஒன்றில் என்ஜின் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். லேப்டாப் திரையில் தண்ணீரின் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று நின்றது. வெளியே கழக்கூட்டத்து வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. வெப்பம் தெரியாத கணினி, என்ஜினைக் காப்பாற்ற விசிறியை ஓடவிட்டுவிடுகிறது. செக் என்ஜின் விளக்கு எரிந்தது. குறை எண் பி0118: தண்ணீர் வெப்ப சென்சார் சுற்று, மின்னழுத்தம் அதிகம்.

“இத வாசிக்கிறவன் என்ன செய்வான்? புது சென்சார் வாங்கி மாட்டுவான். சென்சார் நல்லாத்தான இருக்கு? பிளக்குதான வெளிய கெடக்கு?”

உள்ளே நடப்பது இதுதான். சென்சார் என்பது சூடாக ஆகத் தடை குறையும் ஒரு பொருள். கம்பி அறுந்தாலோ பிளக் கழன்றாலோ தடை எல்லையற்றுப் போகும், கணினி தரும் 5 வோல்ட் குறையாமல் நிற்கும், கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஓ.பி.டி. அளவுகோலின் அடிமட்டமே மைனஸ் 40 என்பதால் திரையில் அந்த எண் வருகிறது. மாறாக, கம்பி எர்த்தில் தொட்டால் பி0117 வரும், வெப்பம் உச்சத்தில் காட்டும். ஆக, எண் சொல்வது ஒரு மின்சுற்றின் நிலையை. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது. எண்ணோடு நேரடி அளவையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குத்தான் பிளக்கைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். கடல் காற்று வீசும் இந்த ஊரில் பிளக் முனைகள் பச்சை பிடித்து இதேபோல ஏமாற்றுவது அடிக்கடி நடப்பதாகச் சொன்னார்.

பிளக்கைத் திரும்ப மாட்டியதும் வெப்பம் சரியாக வந்தது. விளக்கு உடனே அணையவில்லை. பொதுவாகக் குறை இல்லாமல் தொடர்ந்து மூன்று ஓட்டச் சுற்றுகள் முடிந்தால் விளக்கு தானே அணையும், எண் நினைவில் இன்னும் நெடுநாள் இருக்கும். அழிக்கும் பொத்தானை நோக்கி என் கை போனபோது ஆசான் தடுத்தார். அழித்தால், குறை வந்த நொடியில் வேகம், வெப்பம், சுமை எவ்வளவு இருந்தன என்று கணினி எடுத்து வைத்த பதிவும் சேர்ந்து போய்விடும். பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன் அதை அழித்துவிட்டுப் போவது மெக்கானிக்கின் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். முதலில் படியுங்கள், திரையைப் படமெடுத்து வையுங்கள்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அவர் சொன்ன வரிசை அதேதான்: முதலில் வண்டி, அதற்கேற்ற மென்பொருள், பிறகு கேபிள். போக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி என்றால் ராஸ்-டெக் நிறுவனத்தின் வி.சி.டி.எஸ்.; அதற்கு அவர்களுடைய கேபிளே வேண்டும், எத்தனை வண்டிகளுக்குப் பயன்படும் என்ற வரம்போடு விற்கிறார்கள். பியட் புன்ட்டோ, லீனியா என்றால் மல்ட்டிஈசியூஸ்கேன். மாருதி, ஹூண்டாய், டாடா என்றால் வீட்டுக்குப் பொதுவான ஓ.பி.டி. மென்பொருளும் நல்ல கருவி ஒன்றும் போதும், ஏர்பேக் அல்லது ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் பட்டறை ஸ்கேனருக்குப் போய்விடுங்கள் என்பது அவர் கருத்து. முழு மின்சாரக் கார்களுக்கு இந்தப் பொது மென்பொருள்களால் பெரிய உதவி இல்லை, அவை வேறு கணக்கு.

லேப்டாப்புக்கு வலுவெல்லாம் தேவையில்லை. விண்டோஸ் ஓடும் பழையது ஒன்று போதும், பேட்டரி தாங்க வேண்டும். டெக்னோபார்க் நண்பர்கள் பலர் அலுவலக லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். அதில் டிரைவர் ஏற்ற அனுமதி இருக்காது, இருந்தாலும் செய்யக் கூடாது. யு.எஸ்.பி. கருவிக்குள் இருக்கும் சிப்பையும் கவனிக்க வேண்டும். 2014-இல் எஃப்.டி.டி.ஐ. நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர் தன் பெயரில் வந்த போலி சிப்புகளைச் செயலிழக்க வைத்தது. அசல் எஃப்.டி.டி.ஐ. சிப் என்றால் டிவைஸ் மேனேஜரில் லேட்டன்சி என்ற காத்திருப்பு நேரம் 16 மில்லி விநாடி என்று இருப்பதை 1 ஆக மாற்றினால் வாசிப்பு வேகம் கூடும். என் லேப்டாப்பில் மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

மலிவான நகல் கருவிகளோடு ஒரு சி.டி. வரும், அதில் பெரிய நிறுவனங்களின் மென்பொருள் உடைத்துப் போடப்பட்டிருக்கும், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று குறிப்பும் இருக்கும். அதை ஏற்றாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே லேப்டாப்பில் அதைச் செய்வது பைத்தியக்காரத்தனம்.

இந்தக் கருவிகள் வெளிப் பட்டறைக்கும் வண்டிக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பது வெறும் ஆசை அல்ல. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் கொடுத்த புகாரிலிருந்து விரிந்த விசாரணையில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிகளும் டயக்னாஸ்டிக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டின் மையம். மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் வண்டியை வாங்கியவருக்கு அது சொல்லும் குறையைப் படிக்கும் உரிமை உண்டு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

புறப்படும்போது ஆசானிடம் நேராகக் கேட்டேன்: “எனக்கு எது அண்ணே?”

“நீங்க மாசத்துல ஒருக்கா பாக்கப் போறீங்க. சுவிட்ச் வெச்ச கேபிளே போதும். ரோட்டுல ஓட்டிக்கிட்டே அளவு எடுக்கணும்னா மூணாவத வாங்குங்க.”

நான் மூன்றாவதையே வாங்குவது என்று முடிவு செய்தேன். வண்டியின் கணினியில் அமைப்பை மாற்றி எழுதும் வேலை ஏதாவது என்றைக்காவது செய்ய நேர்ந்தால், நடுவில் அறுந்துபோகாத இணைப்பு வேண்டும் என்பது என் காரணம். படிக்க மட்டும் என்றால் அவர் சொன்னதுதான் சரி. நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையின் பக்கத்தைத் திறக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள்: ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள், டார்ச் அடித்து உங்கள் சொருகியில் எந்தெந்தத் துளைகளில் உலோகம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பின், வேலை முடிந்ததும் கருவியைச் சொருகியிலிருந்து கழற்றி வையுங்கள், அது பேட்டரியை மெல்லக் குடிக்கும். ஏர்பேக், பிரேக் கணினிகளில் வீட்டிலிருந்து எதையும் எழுதாதீர்கள். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.