தீர்ப்பு எல்லோருக்கும், மனு தனித்தனியாக

மலக்குழி மரணம் என்றாலே 2014 மார்ச் 27 தீர்ப்பைச் சொல்கிறோம். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த பொதுநல வழக்கில், 1993 முதல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களை அரசே அடையாளம் கண்டு தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில், பல்ராம் சிங் வழக்கில், அது 30 லட்சமானது.

வழக்கு எல்லோருக்குமாக நடந்தது. ஆனால் நான் பார்த்தவரை, பணம் கேட்டு அலைபவருக்குத்தான் வருகிறது. அலைவதும் சுலபமில்லை. மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு, பாரிமுனை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

தி.நகரில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் கணவரை இழந்த அக்கா ஒருவர். காரியம் முடிவதற்குள் கான்ட்ராக்டர் தன் வக்கீலோடு வந்தார். கொஞ்சம் பணம், ஒரு பத்திரம். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அக்கா என்னிடம் கேட்டார்: "அவங்களுக்கு வக்கீல் இருக்காரு, கவர்மெண்டுக்கு இருக்காரு. நமக்குன்னு யாரு தம்பி?"

நம் அரசியலே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. போபாலில் பாதிக்கப்பட்ட அனைவருக்காகவும் பேசும் உரிமையை 1985 சட்டத்தின் மூலம் மத்திய அரசே எடுத்துக்கொண்டது. 1989-ல் அவர்களைக் கேட்காமலேயே 47 கோடி டாலருக்கு யூனியன் கார்பைடோடு சமரசம் செய்தது. எல்லோருக்காகவும் ஒருவர் பேசும்போது, தனி ஆளின் குரல் இப்படித்தான் காணாமல் போகிறது.

அக்காவின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12: பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். உதவி எண் 15100. இது சலுகை அல்ல, உரிமை.

தோழர்களே, மரணச் செய்தி வந்தால் கண்டன அறிக்கையோடு நிற்காதீர்கள். முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போங்கள். 'தவறி விழுந்தார்' என்றில்லாமல், சுத்தம் செய்ய இறக்கப்பட்டார் என்று எஃப்.ஐ.ஆரில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். தன் வக்கீல் படித்துச் சொல்லும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். வக்கீல் கிடைத்த பிறகும் வாய்தாவுக்குக் கூடப் போங்கள்.