பர்கூர் டு ஜவளகிரி: ஒரே காட்டில் இரண்டு வகைத் தோட்டா!

பர்கூர் என்றதும் பலருக்கு மாடுதான் ஞாபகம் வரும். அது ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே இருக்கும் பர்கூர் மலை. இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மொத்த விலைத் துணிக்கடைகள் வரிசைகட்டி நிற்கும். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்து மூட்டை மூட்டையாகச் சேலை வாங்கிப் போகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழியிலும் பேரம் பேசலாம்.

இந்தச் சந்தடியிலிருந்து கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி என்று மேற்கே போனால், காற்று குளிர ஆரம்பிக்கும் இடத்தில் ஜவளகிரி காடு வருகிறது. ஒரு காலத்தில் இந்தப் பெயரைக் கேட்டாலே ஆட்கள் சாயங்காலம் வெளியே வரமாட்டார்கள். காரணம், ஒரு பெண்புலி.

அந்தப் புலியைச் சுட்டவர் பெங்களூருவில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974). ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். விமானத் தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைத்தால் காடு. ஆண் புலி கூப்பிடுவதுபோலத் தானே குரல் கொடுத்து அந்தப் பெண்புலியை வரவழைத்துச் சுட்ட கதையை, 1954-ல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எதிரே புலி வந்து நிற்கும்போது தோட்டா வெடிக்காமல் போனால் என்ன ஆகும்? அந்தக் கால வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைவிடத் தோட்டாவைப் பற்றி அதிகம் கவலைப்பட்டது இதனால்தான்.

ரைபிள் தோட்டாவில் நான்கு சமாச்சாரம் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்டபிறகு குண்டு போய்விடும், கூடு கையில் நிற்கும். அந்தக் கூட்டில் புது கேப்பு, மருந்து, குண்டு வைத்து மறுபடி நிரப்புவதுதான் கைத்தோட்டா. வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளா, பாக்கெட் மசாலாவா என்று நம் சமையலறையில் நடக்கும் அதே வாக்குவாதம் வேட்டைக்காரர்களிடமும் இருந்தது. கைத்தோட்டாவில் செலவு மிச்சம், தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. மருந்து கூடினால் துப்பாக்கியே வெடிக்கும், குறைந்தால் குண்டு குழாயிலேயே சிக்கும், உயிர் போகிற விஷயத்தில் தொழிற்சாலைச் சரக்கே மேல் என்பது எதிர்க்கட்சி.

நம் ஊர் வெயிலும் இதில் ஒரு கை பார்த்தது. வெப்பம் ஏற ஏற கார்டைட் என்ற மருந்தின் அழுத்தமும் ஏறும். அதனால் இந்தியாவுக்கு வரும் தோட்டாக்களில் மருந்தைக் கொஞ்சம் குறைத்தே நிரப்பினார்கள் பிரிட்டிஷ் தொழிற்சாலைக்காரர்கள். லண்டன் குளிருக்கு நிரப்பியதை தர்மபுரி சித்திரை வெயிலில் சுட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டர்சனின் செல்லத் துப்பாக்கி .405 வின்செஸ்டர். அமெரிக்கச் சரக்கு. இந்தத் தோட்டா 1904-ல் அறிமுகமானது. குண்டு மட்டுமே சுமார் 19 கிராம் எடை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனதும் இதே ரகம்தான். அவ்வளவு பேர்பெற்ற தோட்டாவை 1950-களில் வின்செஸ்டர் நிறுவனம் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. அதன்பிறகு 2000 வாக்கில் மறுபடி தொழிற்சாலைத் தோட்டா வரும்வரை, உலகில் எங்கெல்லாம் அந்த ரைபிள் இருந்ததோ, அங்கெல்லாம் பழைய இருப்பைப் பொத்திப் பொத்திச் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் கையால் நிரப்பிக்கொள்ள வேண்டும். எது நல்லது என்று விவாதித்தவர்களுக்கு, கடைசியில் தேர்வு செய்யவே எதுவும் மிஞ்சவில்லை!

ஆனால் இதெல்லாம் துரைமார் கவலை. அதே காட்டில் வாழ்ந்த ஏழைக்குத் தொழிற்சாலைத் தோட்டா எங்கே கிடைத்தது? ஆண்டர்சனின் புத்தகங்களில் அடிக்கடி வரும் பைரா என்ற பூசாரி, சின்னாற்றுக் காட்டு மனிதர். ஆண்டர்சனுக்குக் காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் இருந்தது ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி. அதற்குத் தோட்டாவே கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அடைத்து, கம்பியால் கெட்டித்து, மேலே ரவையைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கைதான் தொழிற்சாலை. ஒரு வெடி தவறினால் அடுத்ததைக் கெட்டிப்பதற்குள் மிருகம் பக்கத்தில் வந்துவிடும். காடு தெரிந்தவரிடம் ஓட்டைத் துப்பாக்கி, பட்டணத்துக்காரரிடம் நல்ல துப்பாக்கி. இதில் யார் பெரிய வேட்டைக்காரர் என்று கேட்டால், ஆண்டர்சனே பைரா பக்கம்தான் கை காட்டியிருப்பார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைத் தோட்டா பற்றிய பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ரைபிள்காரர்கள் விஷயத்தில் முடிந்தது. ஆண்டர்சனும் கடைசிக் காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டு கேமராவைத் தூக்கியவர்தான். நாட்டுத் துப்பாக்கி மட்டும் இன்னும் முழுதாக ஒழியவில்லை. உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்கள் தாங்களே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று இந்த மாவட்டத்தில் அதிகாரிகள் அறிவிப்பதும், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ துப்பாக்கிகளை ஊர்ப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போவதும் நடந்திருக்கிறது. பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் இன்னும் கொடுமை. காட்டுப்பன்றிக்கு வைத்ததை யானை கடித்தால் வாய் சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்தே சாகும்.

விவசாயி பக்கமும் நியாயம் இருக்கிறது. ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் இறங்குகின்றன. ஒரே ராத்திரியில் ஒரு வருஷச் சாப்பாடு போய்விடும். பரணில் குளிரில் விழித்திருந்து, பட்டாசும் தீப்பந்தமுமாக விரட்டுகிறவரிடம் சட்டப் பிரிவு பேசுவது சுலபமில்லை. அதற்காக யானையைச் சுட்டுவிட முடியுமா? குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை.

இன்று இந்தக் காடு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். 2014-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கிலோமீட்டர். அனுமதியில்லாமல் உள்ளே நுழையக் கூடாது. ஜவளகிரி சாலையில் போகிறவர்கள் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது. நடுரோட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் வண்டியைத் தள்ளியே நிறுத்திக் காத்திருக்க வேண்டியதுதான்.

பர்கூருக்குச் சேலை எடுக்க வருகிறவர்கள், 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தையும் எட்டிப் பார்க்கலாம். மருந்தும் ரவையும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பு இந்த மண்ணில் சண்டையிட்டு விழுந்தவர்களின் நடுகற்கள் அங்கே நிற்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை.