ஆறுதலாய்க் குடித்தவர்கள்

ஸ்காபரோவில் அப்பமாவுக்கு ஈஸ்ட்தான் போடுகிறோம், கள்ளு விட்டுப் புளிக்க வைத்த மாவின் மணம் அதில் பாதிகூட வராது, ஆனாலும் விடியற்காலையில் மூடியைத் திறக்க எழும்பும் அந்த இலேசான புளிப்பு என்னை நேரே வடமராட்சித் தவறணை வாசலில் கொண்டுபோய் விடும், அங்கே பனையடி நிழலில் குந்தியிருந்து அப்பு பனையோலைப் பிளாவை இரண்டு கையாலும் ஏந்தி, மிதக்கும் பூச்சியை ஊதி ஒதுக்கி, ஒரு மிடறு, சுட்ட கருவாட்டில் ஒரு கிள்ளு, பிறகு ஊர்க்கதை என்று வெயில் சாயும்வரை இருப்பார், வெறும் வயிற்றோடு அவர் அந்தப் பக்கம் போனதேயில்லை.

வெள்ளவத்தையில் தண்டவாளத்தோரம் அறை எடுத்திருந்த பெரியப்பாவும் அப்படித்தான், ரயில் போக யன்னல் அதிரும், கடற்காற்றோடு மண்ணெண்ணெய் அடுப்பின் மணமும் கலந்திருக்கும், கடலை வடையும் அவித்த முட்டையும் முடித்த பிறகே சாராயப் போத்தலைத் திறப்பார், "வயிறு நிறைஞ்சால் தலை நிக்கும் தம்பி" என்பார், இரைப்பையில் சாப்பாடு கிடந்தால் மது மெல்லமெல்லத்தான் குடலுக்கு இறங்கும் என்பதை அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

என் பள்ளித் தோழன் நீரிழிவுக்குப் பயந்து இரைப்பைப் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்டான், இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லிலிட்டர் அளவில் ஒரு சிறு பையைப் பிரித்து நேரே சிறுகுடலோடு பொருத்துகிறார்கள், உடம்பு இளைத்தது, சீனியும் அடங்கியது, ஆனால் அரைப் போத்தலுக்கும் அசையாதவனுக்கு ஒரு கிளாஸ் வைனில் நாக்குக் குழறியது, மதுவைத் தாமதிக்க வைக்க அங்கே ஒன்றுமில்லை, குடல் உடனே உறிஞ்சிவிடும், போதை விரைவாய் ஏறும், அதன் உச்சமும் கூடும். அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் மதுவால் சிக்கலுக்குள்ளானவர்கள் அதற்கு முந்திய ஆண்டில் 7.6 வீதம், அடுத்த ஆண்டில் 7.3, இரண்டாம் ஆண்டிலோ 9.6, மருந்தும் பத்தியமுமாய் முதல் வருடம் கழிந்து, புதுச்சட்டை போட்டுக் கொண்டாட்டங்களுக்குப் போகத் தொடங்கும் காலமல்லவா அது.

இங்கத்தைய பிறந்தநாள் மண்டபங்களில் ஆறு மணிக்கே போத்தல் திறபடும், சோறு பத்து மணிக்குத்தான் வரும், அப்புவின் ஒழுங்கு தலைகீழாகிவிட்டது, ஆனால் அந்த ஒழுங்கும் என் தோழனைக் காப்பாற்றாது, நாலு கவளத்தில் நிறைகிற வயிற்றில் எதை முதலில் போட்டாலென்ன, ஆகவே "ஒண்டு எடு மச்சான்" என்று அவன் கையில் கிளாசைத் திணிப்பதை நான் விட்டுவிட்டேன், உபசரிக்கத் தெரியாதவன் என்று மனைவியின் அண்ணர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.