மூச்சும் குருதியும்

முதலாம் ஆண்டு மருத்துவ மாணாக்கர் ஏந்திவரும் உடலியங்கியல் நூல்களில் இதயத்திற்கு ஒரு பகுதி, நுரையீரலுக்கு வேறொரு பகுதி. பெரிதும் புழங்கும் நூலொன்றில் இவ்விரண்டிற்கும் நடுவே சிறுநீரகம் வந்து அமர்ந்துகொள்ளும்! இதயத்தைப் படித்து, தேர்வெழுதி, மறந்த பின்னரே மாணாக்கர் நுரையீரலுக்கு வந்து சேர்கின்றனர். உடலிலோ, இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் ஏறத்தாழ 5 லிட்டர் குருதியும் நுரையீரலைக் கடந்தே மீண்டும் உடலுக்குச் செல்கிறது.

குருதி சுற்றிவருகிறது என்று 1628-இல் நிறுவிய வில்லியம் ஹார்வி, தமனிகளிலிருந்து சிரைகளுக்கு அது செல்லும் வழியைக் கண்ணால் காணாமலேயே மறைந்தார். 1661-இல் மால்பிகி அந்த நுண்குழல்களைக் கண்டார். கண்டது எங்கே? தவளையின் நுரையீரலில். இதனை ஆண்டுதோறும் நாங்கள் வகுப்பில் சொல்வதுண்டு. மாணாக்கர் குறித்துக்கொள்வர், அவ்வளவே.

2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம், முதலாண்டிலேயே நோயாளரைக் காணும் வாய்ப்பை ஏற்படுத்தியது. அதன்பின் எங்கள் துறையில் இவ்விரு பாடங்களையும் ஒரே நோயாளியின் வழியாகக் கற்பிக்கத் துணிந்தோம். பத்துப் பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு தாள். தாளையும் முழுமையாகத் தருவதில்லை. முதற்பகுதியில் நான்கே வரிகள்: இருபத்து மூன்று வயதுப் பெண், முதற்கருவில் ஆறாம் மாதம், படியேறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் படுத்தால் திணறி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

"ஆஸ்துமா" என்றது ஒரு குழு. "இரத்தசோகை" என்றது மற்றொன்று. இரண்டுமே நல்ல ஊகங்கள். படுத்தால் ஏன் கூடுகிறது என்ற எங்கள் வினாவுக்குத்தான் விடையில்லை. இரண்டாம் பகுதியில், சிறுவயதில் முழங்காலும் கணுக்காலும் மாறிமாறி வீங்கிய ஒரு காய்ச்சலைப் பற்றிய குறிப்பு இருந்தது. அங்கே முதன்முறையாக ஒருவர் இதயப் பகுதியைப் புரட்டினார்.

வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இங்கே ஒரு வால்வின் கதையைச் சொல்லியாக வேண்டும். தொண்டையில் ஒருவகை நுண்ணுயிர் தொற்றிய பின் சில சிறார்க்கு வரும் மூட்டுவாதக் காய்ச்சல், மூட்டுகளை விட்டு விரைவில் நீங்கிவிடும். இதயத்தை எளிதில் விடாது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு, ஆண்டுக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொள்ளும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டியது 1 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கினால், மேலறையில் குருதி தேங்கும். அத்தேக்கம் பின்னோக்கி நுரையீரலின் நுண்குழல்கள் வரை செல்லும். அங்கே அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டும்போது நீர் கசிந்து காற்றறைகளை நனைக்கத் தொடங்கும். படுத்தால் கால்களில் நின்ற குருதியும் மார்புக்குத் திரும்புவதால் திணறல் மிகும்.

ஆறாம் மாதம் ஏன்? இதைக் கண்டறிந்தவர் அதுவரை வாய்திறவாத ஒரு மாணவி. கருவுற்ற காலத்தில் குருதியின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, நாடியும் விரைகிறது. நிமிடத்திற்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி, 120 என்றால் 0.5 நொடிதான். குறைவது பெரும்பாலும் இதயம் தளர்ந்து நிரம்பும் நேரமே. "வாசலும் சிறிது, நேரமும் குறைவு, கூட்டமோ அதிகம், சார்" என்றார். இதைவிடத் தெளிவாக நாங்கள் விரிவுரையில் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் இம்முறையிலேயே கற்பித்துவிடலாம் என்போருடன் நாங்கள் உடன்படுவதில்லை. அழுத்தம் என்றால் என்னவென்று அறியாதவர் கையில் இத்தாள் வெறும் விடுகதை. விடுகதைக்கு விடை கண்டதும் எழும் ஆரவாரமும் எங்களுக்குச் சிறிது அச்சமூட்டுவதே.

தாளில் இருந்தது கற்பனைப் பெண். அதே பிணியுடன் மகப்பேற்றுப் பகுதியில் ஒருவர் சேர்ந்திருந்த போது, அவரது இசைவைப் பெற்று ஒரு குழுவை அழைத்துச் சென்றோம். முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். வினாக்கள் வரிசையாக வந்தன. அவரும் பொறுமையாக விடை சொன்னார். பின்னர் அவர் கேட்டார்: "தம்பி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

பத்துப் பேரும் எங்கள் முகத்தைப் பார்த்தனர். தொடை வழியே நுண்குழாய் செலுத்தி, பலூனை விரித்து வால்வைத் திறக்கும் மருத்துவம் உண்டென்பதையும், கருவுற்றிருக்கையிலும் அதைச் செய்ய இயலுமென்பதையும் அவருக்கு விளங்கும்படி சொன்னோம். ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த மாணவி அவர் அருகே அமர்ந்து, "அக்கா, சின்ன வயசுல மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடச் சொன்னாங்களா?" என்று கேட்டார். சொன்னார்களாம். ஓராண்டு போட்டார்களாம். வலி போய்விட்டது, மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், அம்மாவுக்கு அன்றைய கூலியும் போய்விடும். நிறுத்திவிட்டார்கள். பென்சிலின் ஊசி வலிக்காக அன்று, மீண்டும் அக்காய்ச்சல் வந்து வால்வைத் தாக்காதிருப்பதற்காக என்பதை அவ்வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் மாணாக்கர் அதிகம் பேசவில்லை. மறுவாரம் அவர்களே தாளின் இரண்டாம் பகுதியைத் திருத்தித் தந்தனர். காய்ச்சல் பற்றிய வரிக்குக் கீழே இரண்டு பேருந்துகளும் ஒருநாள் கூலியும் சேர்ந்திருந்தன. அடுத்து வந்த வகுப்புக்கு அத்தாளையே கொடுத்தோம்.