ஓடுற பிள்ளைக்கு ரத்தம் எவ்வளவு இருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க. இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. சம்பந்தப்பட்ட பிள்ளையும் அவள் அம்மாவும் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். பெயரோ அடையாளமோ இருக்காது.

குளத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓ.பி.க்கு வந்தாள். 3000 மீட்டர் ஓடுகிறவள். போட்டிக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேண்டும். கூட வந்த அம்மா மிளகாய்க் காட்டு வேலைக்குப் போகிறவர்.

"சார், இவ முன்ன மாதிரி ஓட மாட்டேங்கா. சோம்பேறியாயிட்டான்னு பி.டி. சார் வையிறாரு."

பிள்ளையின் கையில் ஒரு நோட்டு. தேதி போட்டு டைமிங் எழுதி வைத்திருந்தாள். போன வருஷம் 11 நிமிடம் 20 நொடி. இந்த வருஷம் 12 நிமிடம் 5 நொடி. பயிற்சியைக் குறைக்கவில்லை. விடியக்காலையில் ரோட்டில்தான் ஓட்டம். மழை பெய்தால் கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு வரும், அன்றைக்கு மட்டும் லீவு.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"பச்சரிசி திங்கியாம்மா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்தாள். "அள்ளி அள்ளித் திங்கா சார், சொன்னாக் கேக்க மாட்டேங்கா" என்றார் அம்மா. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம், ஏழு நாள் வரை போகும் என்பதும் பேச்சில் தெரிந்தது.

ஹீமோகுளோபின் பார்த்தோம். 8.4 கிராம். இருக்க வேண்டியது குறைந்தது 12.

இப்போது சர்டிபிகேட் தர முடியாது, முதலில் வைத்தியம் என்றேன். அதற்கு அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"போன வருஷம் பாக்காமத்தான போட்டீங்க சார். இந்த வருஷம் மட்டும் எதுக்குப் பாக்கீங்க?"

உண்மைதான். போன வருஷம் சைன் போட்டது நான்தான். வரிசையில் கூட்டம் நின்றது. நெஞ்சில் ஸ்டெத் வைத்தேன், பி.பி. பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். விரலில் ஒரு குத்து குத்த ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யவில்லை.

அன்றைக்கு ராத்திரி நீண்ட தூர ஓட்டச் சாதனைகளைத் தேடிப் படித்தேன். அதில் சிலதைச் சொல்கிறேன்.

10,000 மீட்டரை 30 நிமிடத்துக்குள் முதலில் ஓடியவர் பின்லாந்தின் டைஸ்டோ மாகி, 1939-ல். 29 நிமிடத்துக்குள் செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாட்டோபெக், 1954-ல். 28-க்குள் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், 1965-ல். 27-க்குள் கென்யாவின் யோபஸ் ஒண்டீகி, 1993-ல். இன்றைய உலக சாதனை உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020-ல் ஓடிய 26:11.00. அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 63 நொடிக்கும் குறைவு. அப்படி 25 சுற்று!

நம் நாட்டுக் கதை வேறு. 5000 மீட்டரில் பகதூர் பிரசாத் 1992-ல் ஓடிய 13:29.70 முப்பது வருஷம் அப்படியே நின்றது. 2022-ல் அவினாஷ் சாப்ளே 13:25.65 ஓடினார். முப்பது வருஷத்தில் நாம் குறைத்தது நாலு நொடி. அதே காலத்தில் உலக சாதனை 12:58.39-லிருந்து 12:35.36-க்கு இறங்கிவிட்டது.

10,000 மீட்டரிலும் சுரேந்திர சிங் 2008-ல் ஓடிய 28:02.89 பதினாறு வருஷம் நின்றது. பிறகு ராணுவ வீரர் குல்வீர் சிங் வந்தார். 2024 மார்ச்சில் 27:41.81, 2025 மார்ச்சில் 27:00.22. ஒரே வருஷத்தில் தேசிய சாதனை ஒரு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. நம் உடம்பு திடீரென்று மாறிவிடவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர் உயரத்தில் உள்ள கொலராடோவில் பயிற்சி, நல்ல சாப்பாடு, வேகமான ஆட்களோடு ஓடும் வாய்ப்பு. கிடைக்க வேண்டியது கிடைத்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. அதே மாதிரி வறண்ட பூமியான புதுக்கோட்டையிலிருந்து போன லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் ஆசிய விளையாட்டில் 10,000-ல் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதைக் கோட்டுக்கு உள்ளே கால் வைத்ததாகச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள்.

பெண்கள் கதை இன்னும் மோசம். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். அந்த உடம்பு தாங்காது என்று சொல்லி 1960 வரை அந்தப் போட்டியையே நிறுத்தி வைத்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் டாக்டர்களும் உண்டு. பெண்களுக்கான 10,000 மீட்டர் ஒலிம்பிக்கில் வந்தது 1988-ல்தான்.

இப்போது இதைப் பாருங்கள். சாட்டோபெக் 1954-ல் இரண்டு நாள் இடைவெளியில் 5000 மீட்டரை 13:57.2, 10,000 மீட்டரை 28:54.2 என்று ஓடி உலக சாதனை படைத்தார். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் 2024-ல் 10,000 மீட்டரை ஓடிய நேரம் 28:54.14. 2025-ல் 5000 மீட்டரை 13:58.06. அன்றைக்கு உலகத்திலேயே வேகமான ஆண் ஓடிய நேரத்தை, எழுபது வருஷம் கழித்து ஒரு பெண் ஓடிவிட்டாள்.

சரி, டாக்டர் வேலைக்கு வருகிறேன்.

நீண்ட தூர ஓட்டம் என்பது ஆக்சிஜன் கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் 16 மில்லி. 8.4 என்றால் 11 மில்லி. மூன்றில் ஒரு பங்கு இல்லை! நடக்கும்போது இதயம் வேகமாக அடித்துச் சமாளித்துவிடும். ஓடும்போது சமாளிக்க முடியாது.

உயரமான மலையில் பயிற்சி எடுப்பதே இந்தச் சிவப்பணுவைக் கூட்டத்தான். சிறுநீரக நோயாளிகளுக்கு நாங்கள் போடும் ஈ.பி.ஓ. ஊசியைச் சிலர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டதும் இதற்காகத்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அதற்குப் பரிசோதனையே கொண்டு வர வேண்டியதாயிற்று. அங்கே கூடுதல் ரத்தத்துக்குத் திருடுகிறார்கள். இங்கே இருக்க வேண்டிய ரத்தமே இல்லாமல் ஒரு பிள்ளை ஓடுகிறாள், அவளுக்குப் பெயர் சோம்பேறி.

பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை என்ன செய்தாய் என்று கேட்டேன். "சுவருக்கு அந்தப் பக்கம் எறிஞ்சிருவோம் சார். வயிறு பொரட்டும், கருப்பாப் போகும்." மலம் கருப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும்தான்.

பூச்சி மாத்திரை, தினமும் இரும்பு மாத்திரை கொடுத்தோம். சாப்பிட்ட பிறகு போடலாம், ஆனால் டீ, காபியோடு கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள் என்றேன். முருங்கைக்கீரை, கம்பு, முடிந்த வாரம் ஈரல். மாதவிடாய்க்குத் தனியாக வைத்தியம். பி.டி. சாரிடம் நானே போனில் பேசினேன். நல்ல மனுஷன், "தெரியாமப் போச்சே டாக்டர்" என்று வருத்தப்பட்டார்.

அந்த வருஷப் போட்டி அவளுக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருவாள், ரத்தம் கொடுப்பாள், போவாள். மூன்றாவது மாதம் 11.6. மெதுவாக ஓட ஆரம்பிக்கச் சொன்னேன். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 11:31. பழைய டைமிங்குக்கு இன்னும் 11 நொடி பாக்கி. "வந்துரும் சார்" என்றாள். அரிசி தின்பதும் நின்றுவிட்டதாம்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. அதனால் பெற்றோருக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும் ஒரே வேண்டுகோள்: ஓடுகிற பிள்ளையின் வேகம் குறைந்தால், வைவதற்கு முன்னால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம்.

என்னைப் போன்ற டாக்டர்களுக்கும் ஒன்று: வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், விரலில் அந்த ஒரு குத்து குத்திவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.