ஈரப்பத மீட்டர் வாங்கப் போறீங்களா?

வீட்டுல விவசாயம் இருந்து, நீங்க இன்ஜினியரிங்கும் படிச்சா, ஊர்ல எந்த மெஷின் வாங்கினாலும் உங்களைத்தான் கேப்பாங்க. காரைக்கால் பக்கம் குரும்பகரம் எங்க ஊர், காவிரியோட கடைமடை. குறுவை அறுவடைக்கு முன்னாடி பெரியப்பா போன் பண்ணி, "தம்பி, நெல்லு ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கணும், எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு"ன்னாரு.

கொள்முதல்ல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிறதுதான் விதி. நம்ம டெல்டாவுல குறுவை அறுக்கிற நேரமும் மழை தொடங்குற நேரமும் ஒண்ணு. அதனாலதான் 2022 அக்டோபர்ல பக்கத்துத் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு 19 வரைக்கும் தளர்த்துச்சு. 2025-ல தமிழ்நாடு 22 கேட்டுச்சு. தளர்வு வரும்னு நம்பி நெல்லைக் குவிச்சு வைக்க முடியுமா? முளைச்சிடும்.

சரி, பயந்து நல்லாவே காய வெச்சிட்டா என்ன? கணக்குப் போடுங்க. 17 சதவீதத்துல 1000 கிலோ நெல்லுன்னா அதுல 830 கிலோதான் காய்ஞ்ச பொருள். அதையே 15-க்குக் காய வெச்சா எடை 976 கிலோ சொச்சம். 2025-26 பருவத்துக்குச் சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 2369 ரூபாய். டன்னுக்கு 550 ரூபாய்க்கு மேல வெயில்ல ஆவியாப் போச்சு. களத்துல ஆள் கூலி தனி. ஈரமா இருந்தா திருப்பி அனுப்புவாங்க, அதிகமாக் காய்ஞ்சா நமக்கு நஷ்டம். பெரியப்பா ஒரு நெல்லைக் கடிச்சு 'நறுக்'னு உடையுதான்னு பாத்தே காய்ஞ்சதைச் சொல்லிடுவாரு. ஆனா அவர் பல்லுக்கு 17-க்கும் 18-க்கும் வித்தியாசம் தெரியாது.

கடையில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கம்பியை மூட்டைக்குள்ள குத்திப் பாக்குறது. இது பெரும்பாலும் மின்தடையை அளக்கும். விலை கம்மி, வசதியும்தான். ஆனா கம்பி தொடுற இடத்து ஈரத்தைத்தான் அது சொல்லும். காலையில பனி இறங்கின நெல்லுல கூடக் காட்டும். மதியம் ரோட்டுல சுடச்சுடக் காய்ஞ்ச நெல்லுல வெளித்தோல் மட்டும் காய்ஞ்சிருக்க, குறைச்சுக் காட்டும். ராத்திரி குவிச்சு வெச்சா உள்ள இருந்த ஈரம் வெளிய வந்து, மறுநாள் வேற நம்பர் வரும்.

இன்னொண்ணு, கப்புல நெல்லைக் கொட்டிப் பாக்குறது. நம்ம முதல் வருஷ கெப்பாசிட்டர் பாடம்தான். தண்ணியோட மின்கடத்தாப் பொருள் மாறிலி 80 பக்கம், காய்ஞ்ச தானியத்துக்கு அதுல சின்னப் பங்கு. ஈரம் ஏறினா கெப்பாசிட்டன்ஸ் ஏறும். நெல்லு எவ்வளவு நெருக்கமா விழுதுங்கிறதும், சூடும் இதைப் பாதிக்கும். அதனால எடையையும் வெப்பத்தையும் தானே கணக்குல எடுத்துக்கிற மாடலா பாருங்க. நான் சொன்னது இந்த வகையைத்தான்.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க: தானியப் பட்டியல்ல 'நெல்' தனியா இருக்கணும். அரிசிக்கான குறியீட்டுல நெல்லை அளந்தா வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல. காட்டுறது ஈர எடை அடிப்படையான்னும் கேளுங்க. ஈர எடைக் கணக்குல 17-ன்னா உலர் எடைக் கணக்குல அது 20.5. பெட்டி மேல 'பிழை 0.5'ன்னு போட்டிருந்தா, அது 16.8 காட்டுற நெல்லு நிஜத்துல 17.3-ஆ இருக்கலாம்.

வாங்கினதும் காலேஜ் லேபுக்குக் கொண்டு வாங்க. அரைச்ச நெல்லு 5 கிராம், ஹாட் ஏர் ஓவன்ல 130 டிகிரி, 2 மணி நேரம். 0.85 கிராம் குறைஞ்சா 17 சதவீதம். மீட்டரும் அதே நெல்லுக்கு அதைச் சொல்லுதான்னு பாருங்க. வித்தியாசம் இருந்தா மீட்டர் மேல ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடுங்க. அப்புறம் நெல்லு விக்கிற இடத்து மீட்டர்லயும் ஒரு தடவை அதே நெல்லைப் போட்டுப் பாத்துக்கணும்; கடைசியில பேசப் போறது அந்த நம்பர்தான்.

இப்போ எங்க களத்துல அஞ்சாறு இடத்துல கைப்பிடி எடுத்துக் கலந்து, ஆற விட்டு, மூணு தடவை பாக்குறாங்க. சராசரி 16.5 வந்தாத்தான் சாக்கைத் தைக்கிறாங்க.